சிவப்பு வரும் வரை

உங்கள் வீட்டு முற்றத்தில் நல்ல வெயில் விழுகிறது, ஐயா. எங்கள் வீட்டில் வேம்பு படர்ந்து எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. பூஞ்சணம் பிடித்த லென்ஸை இந்த வெயிலில் கொஞ்சம் வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மாரி காலத்தில் நான் படும் பாடு மற்றவர்களுக்கு விளங்காது.

தேநீருக்குச் சீனி வேண்டாம். நல்ல கோப்பை இது. எங்கள் வீட்டிலும் இதே மாதிரி ஒரு செட் இருக்கிறது. இப்போது அதில் ஒன்று குறைவு.

வந்த விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன சோளகக் காற்றுக் காலத்தில் ஆனையிறவு ரயில் பாதையில் நிரஞ்சன் இறந்தான். மரண விசாரணை அதிகாரி என்ற முறையில் நீங்கள் அதை விபத்து என்று எழுதினீர்கள். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. உங்களில் பிழை இல்லை. அவனுடைய லென்ஸைப் பரிசோதிக்க என்னைக் கூப்பிட்டீர்கள். நானும் வந்து, இதோ இந்தச் சுவரில்தான் பத்திரிகையை ஒட்டிப் பரிசோதித்து, பழுது ஒன்றும் இல்லை என்று சொன்னேன். தொழில் தெரிந்தவன் சொன்னால் யாரும் அப்படித்தான் எழுதுவார்கள். இப்போது நான் சொல்வதை எழுதப் பேனையை எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி. நான் ஆறுதலாகச் சொல்கிறேன்.

பரமலிங்கம் என்றால் லென்ஸ் திருத்துகிறவர் என்று உங்களுக்குத் தெரியும், மற்றது தெரியாது. அப்பா சாவகச்சேரிப் பக்கத்து ஆள். இரணைமடுக் குடியேற்றத்தில் காணி கிடைத்து வந்தவர். வயலை இன்றைக்கும் நான் விடவில்லை, ஆனால் கை போனது கமராப் பக்கம். சண்டைக்கு முன்னர் கிளிநொச்சியில் ஸ்ரூடியோ வைத்திருந்தேன். கடைசி இடப்பெயர்வில் லென்ஸ்களை பிளாஸ்டிக் பரல் ஒன்றுக்குள் போட்டு மாட்டுக்கொட்டிலின் கீழே தாட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்து தோண்டினால் எல்லாவற்றுக்குள்ளும் பூஞ்சணம். எறிய மனம் வரவில்லை. ஊசிமருந்துப் போத்தலின் ரப்பர் மூடியை லென்ஸின் முன்வளையத்தில் அழுத்தித் திருகி ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன், கழன்றது. அப்படித்தான் இந்தத் தொழில் தொடங்கியது. இப்போது கொழும்பிலிருந்துகூட பஸ்ஸில் பார்சல் போட்டு அனுப்புகிறார்கள். புதுக் கமராவில் பழைய லென்ஸைப் பூட்டிப் படம் எடுப்பது இந்தக் காலத்துப் பெடியளுக்கு ஒரு ஸ்டைல்.

இரண்டு விடயங்களை மட்டும் விளங்கிக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கும். வைட் லென்ஸ் என்பது நிறைய இடத்தை ஒரே படத்துக்குள் கொண்டுவருவது. அதற்காக அது செய்கிற வேலை என்னவென்றால், ஓரத்தில் நிற்பவரை இழுத்து அகலமாக்கும், நடுவில் நிற்பதைச் சின்னதாக்கித் தூரத்தில் காட்டும். அதற்குள்ளால் பார்த்தால் கைக்கெட்டிய தூரத்து மாடும் பக்கத்து வயலில் மேய்கிற மாதிரி இருக்கும். பழக்கமில்லாதவர்கள் அதைக் கண்ணில் வைத்துக்கொண்டே போய் மாப்பிள்ளையின் மூக்கில் முட்டுவதுண்டு. கலியாண வீட்டில் அது சிரித்துவிட்டு விடுகிற காரியம்.

மற்றது இந்த முட்டு. கையால் திருப்பும் லென்ஸில் வளையத்தைத் திருப்பிக்கொண்டே போனால் ஓரிடத்தில் முட்டி நின்றுவிடும். அந்த இடத்தில் கடைசித் தூரம் துல்லியமாகத் தெரிய வேண்டும், பனங்கூடலோ நிலவோ எதுவோ. லென்ஸைக் கழற்றிப் பூட்டும்போது இந்த முட்டு இடம் மாறும். உள்ளே மூன்று சின்னத் திருகாணிகள் இருக்கின்றன. அவற்றை இளக்கி, முட்டு இடத்தை நகர்த்தி, திரும்ப இறுக்க வேண்டும். முந்தி முட்ட விட்டால் கிட்டத்தில் உள்ளது மட்டும் துல்லியமாகும், தூரம் முழுவதும் கலங்கும். இதைச் சரிபார்க்க நான் ஆனையிறவுக்குத்தான் போவேன். உப்பள வரம்பில் நின்றால் கண்ணை மறிக்க ஒன்றுமில்லை. கிட்டத்துக்கு வீட்டுச் சுவரும் பத்திரிகையும் போதும். நாலு மூலையிலும் எழுத்து வாசிக்க வந்தால் கண்ணாடி சரி.

இனி நிரஞ்சன். அவன் நல்ல தொழில்காரன், குறை சொல்ல ஏலாது. கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் கிளிநொச்சியில் அவனைத்தான் கூப்பிட்டார்கள். என்னிடம் லென்ஸ் கொண்டு வருவான், பொறுமையாகக் காத்திருப்பான். முப்பது தாண்டிய ஆள், மரியாதை தெரிந்தவன். தாய் வீரம்மா. மலையகத்தில் ஏதோ தோட்டத்திலிருந்து எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அடிபட்டு வந்த சனங்களில் ஒரு ஆள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடியிருப்பு. தகப்பன் பேர் சங்கிலி, கடைசிச் சண்டையில் ஷெல் விழுந்து செத்துப்போனார். வீரம்மா வருடக்கணக்காக எங்கள் வயலில் களை பிடுங்கிய மனிசி. சிலர் அந்தச் சனங்களை ஒரு சொல்லால் சொல்வார்கள். அந்தச் சொல் என் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை.

என்னிடம் வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். வெளியூர்க்காரருக்குக் கோப்பையில் கொடுப்போம். நிரஞ்சனுக்குப் பேணியில். கிணற்றடிப் பக்கச் சுவரில் ஓர் ஆணியில் அது தொங்கும். வயல் வேலைக்கு வருகிறவர்களுக்கென்று அம்மா காலத்திலிருந்து இருக்கிற தகரப் பேணி. இதை நீங்கள் வேறு மாதிரி எடுக்கக் கூடாது. வயலில் நின்று வருகிறவர்களின் கையில் சேறு இருக்கும், கோப்பை வழுக்கும். நிரஞ்சன் வயலில் நின்று வருகிறவன் இல்லைத்தான். ஆனால் தாய் குடித்த பேணி, அவனுக்கும் பழக்கமாக இருக்கும் என்று நினைத்தேன்.

என் மனைவி கமலாசனிதான் ஒரு நாள் கேட்டாள்.

"அந்தப் பிள்ளைக்கும் கோப்பையிலை குடுத்தால் என்னப்பா?"

நான் பதில் சொல்ல முன்னரே அவன் சொன்னான். "பரவாயில்லை அம்மா. பேணியிலை எண்டால் தேத்தண்ணி கனநேரம் சூடா இருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டு சிரிக்கிற சிரிப்பு அது.

பங்குனியில் எங்கள் பக்கத்து அம்மன் கோவில் பொங்கல். புதிதாகத் திருத்திய வைட் லென்ஸ் ஒன்றைப் பரிசோதிக்கலாம் என்று, பொங்கலுக்கு வந்தவர்களை வரிசையாக நிற்க வைத்து ஒரு படம் எடுத்தேன். நிரஞ்சனை வலது ஓரத்தில் நிற்கச் சொன்னேன். யாராவது ஒருவர் ஓரத்தில் நிற்கத்தானே வேண்டும். ஓரத்தில் நின்றால் தன் தலை பூசணிக்காய் மாதிரி இழுபடும் என்று அந்த இடத்தில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் போய் நின்றான். அப்போதுதான் என் மகள் தேனுகா நடுவிலிருந்து விலகி, எல்லாரையும் தாண்டிப் போய், அவனுக்கும் அப்பால் கடைசி ஆளாக நின்றாள்.

"நடுவிலை வா பிள்ளை" என்றேன்.

"ஓரத்துக்கு ஆள் காணாது அப்பா. நீங்கள் எடுங்கோ."

நான் எடுத்தேன். கமராவுக்குள்ளால் அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தபோதே எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் படம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே மாதிரி இழுபட்டுப்போய் நிற்கிறார்கள்.

தேனுகா எங்களுக்கு ஒரே பிள்ளை. யாழ்ப்பாணத்தில் வங்கி வேலை, வெள்ளிக்கிழமை பின்னேர ரயிலில் வீட்டுக்கு வருவாள். பங்கருக்குள் என் மடியில் வைத்துக் காப்பாற்றிய பிள்ளை. எனக்கு இருந்த ஒரே ஆசை அவள் எங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்பது. இது பேராசை என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிரஞ்சன் லென்ஸ் ஒன்றும் இல்லாமல் வந்தான். சேர்ட்டை ஸ்திரி போட்டு உடுத்தியிருந்தான். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"ஐயா, நானும் தேனுகாவும் விரும்புறம். ஒளிச்சு மறைச்சுச் செய்யிறதுக்கு எனக்கு விருப்பமில்லை. உங்களிட்டை நேர கேக்கிறதுதான் முறை எண்டு வந்தனான்."

நான் கோபப்படவில்லை. கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு, அவனுக்கு விளங்குகிற பாஷையில் சொன்னேன். "நிரஞ்சன், நீர் தொழில் தெரிஞ்ச ஆள். எந்த லென்ஸும் எந்தக் கமராவிலையும் பூட்டாது. பூட்டுற வாய் வேற எண்டால் வேறதான். அதிலை ஒருத்தரிலையும் பிழை இல்லை."

"அதுக்கு அடப்டர் இருக்கு ஐயா. நீங்கள்தானே எனக்குப் பூட்டித் தந்தனீங்கள்."

என் வீட்டில், என் மேசைக்கு முன்னால் நின்று அப்படிச் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைக்க ஒன்றுமில்லை, எந்தத் தகப்பனுக்கும் எரியும். கனடாவிலிருக்கிற என் தங்கைச்சி போன் எடுத்தால் முதல் கேட்பது மாப்பிள்ளை எந்த ஊர் என்றுதான். அந்தக் கேள்விக்கு நான் என்ன சொல்வது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்றா?

அடுத்த வெள்ளிக்கிழமை தேனுகா வந்து பையை வைக்க முன்னரே சொல்லிவிட்டாள். "யாழ்ப்பாணத்திலை பதிஞ்சிட்டம் அப்பா. ஆவணியிலை கோயிலிலை தாலி கட்டுறம். நீங்கள் நிண்டால் எனக்குச் சந்தோசம். நிக்காட்டிலும் கட்டுவம்."

கமலாசனி அழுதுகொண்டே அவளைக் கட்டிப்பிடித்தாள். நான் கைகால் கழுவிவிட்டு வந்து சாப்பிட்டேன். சத்தம் போட்டால் பிள்ளை விட்டுப்போய்விடும். பேசாமல் இருந்தால் வீட்டுக்கு வந்துபோகும். சிந்தித்துப் பார்த்தால், வெட்ட வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான் என்று தெரிந்தது.

வைகாசியில் அவன் ஒரு லென்ஸ் கொண்டுவந்தான். இருபது மில்லிமீற்றர், எழுபதுகளில் ஜப்பானில் செய்தது, முழுக்க உலோகம். கொழும்பில் ஒரு பழைய சாமான் கடையில் எடுத்தானாம். அதற்குள் பூஞ்சணம் கிடந்தது. எதற்கு இவ்வளவு அகலம் என்று கேட்டேன். அவன் கண் பளிச்சென்று ஆகிவிட்டது. என்னிடம் அவன் எதையும் மறைத்ததில்லை, அது அவனுடைய குணம்.

"கலியாணக் கார்டுக்கு ஐயா. தேனுகா வெள்ளிக்கிழமை வாற ரெயின். அவா முதல் பெட்டி வாசலிலை நிப்பா. நான் ஆனையிறவிலை தண்டவாளத்துக்கு நடுவிலை முழங்காலிலை இருந்து எடுக்கப்போறன். ரெண்டு பக்கமும் தண்ணி, நடுவிலை ரெயின், ரெயினிலை அவா."

"ஆபத்தில்லையோ?"

"முந்தியும் எடுத்திருக்கிறன் ஐயா, நீட்டு லென்ஸாலை. ரெயின் கிட்ட வந்தாத் தெரியுந்தானே, எழும்பிடுவன்."

நீட்டு லென்ஸ் தூரத்தில் இருப்பதைக் கிட்ட இழுத்துக் காட்டும். அதோடு பழகியவன் தேவைக்கு முன்னரே பயந்து எழும்புவான். வைட் லென்ஸ் நேர்மாறு. இதை அவன் அறியாதவன் இல்லை. ஆனால் கலியாண மண்டபத்தில் அறிந்ததற்கும் தண்டவாளத்தில் அறிவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நான் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவனிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. அவனுடைய புதுக் கமராவின் திரையில், எது துல்லியமாக விழுகிறதோ அதன் ஓரங்களில் சிவப்புக் கோடு ஓடும். கையால் திருப்பும் லென்ஸ் போடுகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் பட்டனை அமத்துவார்கள். எங்கள் காலத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தோம், இவர்கள் சிவப்பைப் பார்க்கிறார்கள். சிவப்பு வராமல் அவன் ஒரு படமும் எடுத்ததை நான் கண்டதில்லை.

வேலைக்கு நாள் எடுக்கும், ஈரக்காற்றில் பூட்டினால் திரும்பப் பூஞ்சணம் பிடிக்கும், சோளகம் பிடிக்கட்டும் என்று சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, யாழ்ப்பாண ரயில் வடக்கிலிருந்து வருவது. ஆனையிறவு வெட்டையில் அந்தக் காற்று காதை அடைத்துவிடும், எதிரே வருகிற சத்தத்தைத் திரும்ப வடக்குக்கே கொண்டுபோய்விடும். உப்பளத்தில் நின்று லென்ஸ் பார்க்கும் நாட்களில், ரயில் என் முதுகைக் கடந்த பிறகுதான் எனக்கே கேட்டிருக்கிறது.

கண்ணாடியை நான் அரைகுறையாகத் துடைக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவி வெயில் காட்டினேன். அப்படி ஒரு வேலை நான் வேறு யாருக்கும் செய்ததில்லை என்றே சொல்லலாம். பிறகு அந்த மூன்று திருகாணிகளை இளக்கி, முட்டு இடத்தை முன்னுக்குக் கொண்டுவந்து இறுக்கினேன். துல்லியம் எங்கள் வாசற்படியிலிருந்து கிணற்றடி வரைக்கும் போய் நின்றது, அதற்கப்பால் இல்லை. வெறும் கண்ணுக்கு அந்தச் சின்னத் திரையில் இது பெரிதாகத் தெரியாது. கமராவுக்குத் தெரியும். அது சிவப்புக் கோடு போடாது.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு வரச் சொன்னேன், வேறெங்கும் வைத்துப் பரிசோதிக்க நேரமில்லாமல். சுவரில் பத்திரிகையை ஒட்டியிருந்தேன். அவன் பூட்டிப் பார்த்தான். நாலு மூலையும் சிவந்தது.

"என்ன ஐயா இது, புதுச் சாமான் மாதிரிச் செய்து வச்சிருக்கிறியள்."

"ஒண்டு சொல்லுறன், கேளும்" என்றேன். "இது பழைய கண்ணாடி. உப்புக்காத்து வேற. தூரத்திலை சிவப்பு வராது. அதைப் பாத்து வளையத்தைப் போட்டு உலுப்பாதையும். கடைசி முட்டிலை விட்டிட்டு இரும். ரெயின் வரவேண்டிய இடத்துக்கு வந்தால் தானாச் சிவக்கும். சிவக்கும் வரைக்கும் அமத்தாதையும். ரெயின் ஒருக்காத்தானே வரும்."

"ஓம் ஐயா."

அதற்குப் பிறகு குசினியைப் பார்த்து, நிரஞ்சனுக்குக் கோப்பையில் தேநீர் கொண்டுவரச் சொன்னேன். கமலாசனி கதவடியில் வந்து என்னை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்கு அவ்வளவு சந்தோசம். அவன் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினான். உடனே குடிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கண் கலங்கியதை நான் கண்டேன்.

வாசலில் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ண முன்னர் போனில் கதைத்தான். "தேனு, ஐயா எனக்குக் கோப்பையிலை தேத்தண்ணி தந்தவர்" என்றது எனக்குக் கேட்டது. அவள் அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ தெரியாது.

அந்தக் கோப்பைதான் குறைகிறது. அவன் போன கையோடு நானே கழுவினேன், பிறகு கிணற்றுக் கட்டில் போட்டு உடைத்துவிட்டேன். திரும்ப அலுமாரியில் வைக்க ஏனோ மனம் வரவில்லை.

பின்னேரம் காற்று நன்றாகப் பிடித்தது. நான் முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். எங்கள் வீட்டுக்கு ரயில் சத்தம் கேட்கும். அன்றைக்கு வழக்கமான நேரத்துக்குக் கேட்கவில்லை. கமலாசனி வந்து, ஏன் இன்னும் காணவில்லை என்று கேட்டாள். சுணங்கி வரும் என்றேன். அடுப்பில் கேத்தில் வையும், பிள்ளை களைத்துப்போய் வரும் என்றும் சொன்னேன்.

நடந்ததை உங்களுக்கு முன்னால் தேனுகா சொன்னாள். முதல் பெட்டி வாசலில் நின்றிருக்கிறாள். தூரத்தில் அவன் முழங்காலில் இருப்பது தெரிந்திருக்கிறது. கை காட்டியிருக்கிறாள். அவன் எழும்பவில்லை. பிறகு கத்தியிருக்கிறாள், பெட்டிக்குள் இருந்த சனமும் சேர்ந்து கத்தியிருக்கிறது. டிரைவர் ஹோர்ன் அடித்தபடியே பிரேக் பிடித்திருக்கிறார். ரயில் நிற்கிற சாமானா? ஏன் எழும்பவில்லை, ஏன் எழும்பவில்லை என்று அவள் உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். நீங்களும் எழுதிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஹோர்ன் அவனுக்குக் கேட்டிருக்கும், ஐயா, கடைசியிலாவது கேட்டிருக்கும். காது கிட்ட என்று சொல்ல, கண் தூரம் என்று சொன்னால், படம் எடுக்கிறவன் கண்ணைத்தான் நம்புவான். அதோடு சிவப்பு வரவில்லை. சிவக்கும் வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருந்தேன்.

கமரா நொறுங்கிவிட்டது. லென்ஸ் தண்ணிக் கரையில் கிடந்து எடுத்தார்கள், விளிம்பில் ஒரு நெளிவு மட்டும். பழைய ஜப்பான் சாமான் அப்படித்தான். அதை இங்கே, இந்த மேசையில் வைத்து என்னிடம் தந்தீர்கள். வளையம் இறுகிப்போயிருக்கிறது, கொஞ்சம் இளக்கிப் பார்க்கிறேன் என்றேன். உங்கள் கண்ணுக்கு முன்னால்தான் மூன்று திருகாணியையும் இளக்கினேன், முட்டு இடத்தைத் திரும்பச் சரியாக்கினேன், இறுக்கினேன். நீங்கள் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பிறகு நான் கொண்டுவந்த கமராவில் பூட்டிப் பத்திரிகையைப் பார்த்தோம், உங்கள் வேலிக்கு அப்பால் அந்தத் தூரத்துப் பனையையும் பார்த்தோம். எல்லாம் துல்லியம்.

நொறுங்கிய கமராவின் மெமரி கார்டில் தப்பியிருந்த படத்தையும் எனக்குக் காட்டினீர்கள். ஒரேயொரு படம். அவன் அமத்தியிருக்கிறான். என்றால் கடைசியில் சிவப்பு வந்திருக்கிறது. அதைப் பார்த்தபோது, தப்பாக நினைக்கக் கூடாது, கண்ணாடியை எவ்வளவு சுத்தமாகத் துடைத்திருக்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். எஞ்சினின் ஒவ்வோர் ஆணியும் தெரிந்தது. அதன் பின்னால், வாசலில் எட்டி நின்ற ஒருத்தி படத்தின் ஓரத்துக்கு வந்திருந்தாள். ஓரத்தில் நிற்பவரை வைட் லென்ஸ் இழுத்துவிடும் என்று சொன்னேன்தானே. வாய் ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமும் போயிருந்தது. அது என் மகள் என்று பிடிபட எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை. ஏன் இப்போது வந்து சொல்கிறேன் என்று யோசிப்பீர்கள். குற்ற உணர்ச்சியில் நித்திரை இல்லாமல் வந்தேன் என்று நினைக்க வேண்டாம், எனக்கு நித்திரை ஒழுங்காக வருகிறது.

செத்தவீடு முடிந்ததும் தேனுகா எங்கள் வீட்டுக்கு வருவாள் என்று இருந்தேன். அவள் வரவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீரம்மாவின் வீட்டுக்குப் போய் இருந்துவிட்டாள். வயிற்றில் பிள்ளை என்று அங்கே போன பிறகுதான் தெரியவந்தது. இப்போது ஏழாம் மாதம். கமலாசனி ஒவ்வொரு நாளும் கறி காய்ச்சிக் கொண்டுபோகிறாள். அங்கேயே இருந்து சாப்பிட்டுவிட்டும் வருகிறாள் என்று கேள்வி. என்னோடு கதைப்பது குறைவு.

போன கிழமை நானே கூப்பிடப் போனேன். தகரக் கூரை வீடுதான், ஆனால் கூட்டித் துப்பரவாக வைத்திருக்கிறார்கள், பொய் சொல்லக் கூடாது. வீரம்மா எழும்பி ஓடி வந்தாள்.

"வாங்கய்யா, உக்காருங்க. புள்ள இப்பத்தான் கண்ணு அசந்துச்சு. ராவெல்லாம் தூங்கல, காலு வீங்கிக் கெடக்கு. நான்தான் எண்ணெ தேச்சு வுட்டேன்."

எனக்குத் தேநீர் கொண்டுவந்தாள். பூப் போட்ட புதுக் கோப்பை, லேபல்கூட முழுக்க உரியவில்லை. நான் வருவேன் என்று எதிர்பார்த்து வாங்கி வைத்திருந்தாளாம். நான் குடிக்கவில்லை, சீனி போட்டிருந்தது.

தேனுகா சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி வந்தாள்.

"வீட்டை வா பிள்ளை" என்றேன்.

"இதுதான் என்ரை வீடு அப்பா."

"எவ்வளவு காலத்துக்கு?"

"மாமி போ எண்டு சொல்லும் வரைக்கும். அவா சொல்ல மாட்டா."

சொல்லிவிட்டு வீரம்மாவின் தோளில் சாய்ந்தாள். அந்த மனிசி அவளுடைய தலையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள், என்னில் இரக்கப்படுகிற மாதிரி. எங்கள் வயலில் களை பிடுங்கிய கை அது. வழி நெடுக நான் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். வாய்க்கால் பாலத்தைக் கடக்கும்போது எனக்கு ஒரு வழி தெரிந்தது.

அதனால்தான் வந்தேன். நிரஞ்சனை நான்தான் கொன்றேன், ஐயா. முட்டு இடத்தை மாற்றி வைத்தது நான், சிவப்பு வரும் வரைக்கும் இருக்கச் சொன்னது நான், காற்று மாறும் வரை காத்திருந்ததும் நான். ரயிலிலோ அந்த லென்ஸிலோ ஒரு பிழையும் இல்லை. இதை எழுதி எங்கே கொடுக்க வேண்டுமோ கொடுங்கள். மறியலுக்குப் போகவும் கம்பி எண்ணவும் எனக்குப் பயமில்லை. ஒரே ஒரு உதவி. பொலிசுக்குப் போக முன்னர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய் வீரம்மாவிடம் சொல்லுங்கள், நேரில், விளக்கமாக. மகனைக் கொன்றவனின் பிள்ளையை எந்தத் தாயும் ஒரு பொழுதும் வீட்டில் வைத்திருக்க மாட்டாள். போ என்று சொல்லத்தான் வேண்டும். சொன்னால் தேனுகாவுக்கு எங்கள் வீட்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. பிள்ளை பிறந்த பிறகு அதை அவர்களிடமே கொடுத்துவிடலாம், அது அவர்களுடையதுதானே.

அவளுடைய அறையைக் கழுவி வைத்திருக்கிறேன். கட்டிலுக்குப் புது விரிப்பும் போட்டாயிற்று. நான் மறியலில் இருந்தாலும் கமலாசனி பார்த்துக்கொள்வாள். ஒன்று மட்டும் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இத்தனை மாதம் அந்த வீட்டில் உண்டு குடித்து வருகிற பிள்ளை, எடுத்த எடுப்பில் கோப்பையைக் கொடுத்துவிட ஏலாதுதானே. கிணற்றடி ஆணியில் அந்தப் பேணியை மினுக்கிக் கொளுவி வைத்திருக்கிறேன். கொஞ்ச நாளைக்கு அதில் குடிக்கட்டும். மற்றபடி, நான் ஆள் பார்த்து நடக்கிறவன் இல்லை, ஐயா. உங்களுக்கே தெரியும்.